பின்வாங்க முடியாத நீதிபதி

ஆர்தர் மில்லரின் 'தி க்ரூசிபிள்' நாடகத்தை நிக்கலஸ் ஹைட்னர் 1996-இல் படமாக்கினார். அந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் டேனியல் டே-லூயிஸ் நடித்த ஜான் பிராக்டரையும் வினோனா ரைடர் நடித்த அபிகெய்லையும் பற்றியே, அதாவது மனைவிக்குத் துரோகம் செய்துவிட்டு வருந்தும் விவசாயியையும் அவனை விடமறுக்கும் முன்னாள் வேலைக்காரப் பெண்ணையும் பற்றியே பேசுகிறார்கள். அண்மையில் படத்தை மறுபடி பார்த்து, மந்தைவெளியில் ஒரு நண்பரின் வீட்டு மாடியில் எங்கள் நாடக வாசிப்புக் குழுவோடு நெடுநேரம் விவாதித்த பிறகு, எனக்கு உறுதிப்பட்ட எண்ணம் வேறு. இந்தப் படத்தின் மையம் பால் ஸ்கோஃபீல்ட் நடித்த நீதிபதி டான்ஃபோர்த். தவறான வழியில் வெகுதூரம் வந்துவிட்ட ஒரு நீதிமன்றம், ஏற்கெனவே தூக்கிலிட்டவர்களின் பொருட்டே மேலும் சிலரைத் தூக்கிலிட வேண்டிய நிலைக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதைத்தான் மில்லர் எழுதினார். காதலும் பொறாமையும் அதைத் தொடங்கிவைக்கும் காரணங்கள் மட்டுமே.

நடந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1692-இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் சேலம் கிராமத்தில் (பெயர் ஒன்றாக இருந்தாலும் நம் சேலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, அந்தக் கிராமம் இன்று டேன்வர்ஸ் எனப்படுகிறது) பாதிரியார் சாமுவேல் பாரிஸின் வீட்டுச் சிறுமிகள் இருவருக்கு விளங்காத வலிப்பும் அலறலும் வந்தன. யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று ஊர் முடிவு செய்தது. சிறுமிகளிடம் பெயர்கள் கேட்கப்பட்டன, பெயர்களும் வந்தன. மறு ஆண்டுவரை நீடித்த அந்தப் பித்தில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் குற்றம்சாட்டப்பட்டார்கள். 14 பெண்களும் 5 ஆண்களுமாக 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். எண்பது வயதை ஒட்டிய கைல்ஸ் கோரி உடல்மேல் கல் ஏற்றிக் கொல்லப்பட்டார். குறைந்தது ஐந்து பேர் சிறையிலேயே இறந்தார்கள். குற்றம்சாட்டப்பட்டவரின் ஆவி இரவில் வந்து என்னைக் கிள்ளியது, கழுத்தை நெரித்தது என்று ஒருவர் சொன்னால் அதை அந்த நீதிமன்றம் சாட்சியமாக ஏற்றது. அந்த நேரத்தில் நான் வேறு இடத்தில் இருந்தேன் என்று நிரூபித்தும் பயனில்லை, ஏனென்றால் வந்தது ஆவிதான், உடல் அல்ல. இவை எல்லாவற்றையும்விட என்னை உலுக்குவது ஒன்று உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டு அதிலிருந்து மாறாத எவரும் தூக்கிலிடப்படவில்லை, மறுத்தவர்களே மாண்டார்கள்.

மில்லர் இதை நாடகமாக்கியதற்குக் காரணம் அவருடைய காலம். கம்யூனிஸ்டுகளைத் தேடிப்பிடிக்கும் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன், 1952 ஏப்ரலில் அவருடைய நண்பரும் இயக்குநருமான எலியா கசான் தன் பழைய தோழர்களின் பெயர்களைச் சொன்னார். கசானைச் சந்தித்துப் பேசிவிட்டுத்தான் மில்லர் சேலத்துக்கு ஆவணங்களைப் பார்க்கப் போனார். நாடகம் 1953 ஜனவரியில் பிராட்வேயில் மேடையேறியது. மறு ஆண்டு பிரஸ்ஸல்ஸில் நடந்த மேடையேற்றத்துக்குப் போக அவருக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. 1956-இல் அதே குழுவின் முன் அவரே அழைக்கப்பட்டார். தன்னைப் பற்றிப் பேசினார். மற்றவர்களின் பெயர்களைச் சொல்ல மறுத்தார். அதற்காக 1957-இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, 1958-இல் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார். தன் நாயகன் மேடையில் எடுத்த முடிவை, நாடகம் வெளிவந்த மூன்றே ஆண்டுகளில் ஆசிரியரும் எடுக்க நேர்ந்தது.

1957-இல் ழான்-பால் சார்த்ரின் திரைக்கதையில் ஒரு பிரெஞ்சுப் படம் வந்தது. ஆங்கிலத்தில் ஒரு முழுநீளத் திரைப்படம் வர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதற்கு எண்பதை எட்டும் வயதில் மில்லரே திரைக்கதை எழுதினார் என்பதால், படத்தில் சேர்ந்தவற்றுக்கும் விடுபட்டவற்றுக்கும் பெரும்பகுதி அவரே பொறுப்பு.

நாடகம் நான்கு அறைகளில் நடக்கிறது: பாரிஸின் வீட்டு மாடியறை, பிராக்டரின் வீடு, வழிபாட்டுக்கூடத்தை ஒட்டிய ஒரு முன்னறை, கடைசியில் சிறை. காட்டில் நடந்தது மேடையில் வருவதில்லை, நீதிமன்றமும் வருவதில்லை. முன்னறையில் நிற்கிறவர்களின் காதில் உள்ளே நடக்கும் விசாரணையின் குரல்கள் விழுகின்றன, அவ்வளவே. படமோ காட்டில்தான் தொடங்குகிறது. இரவில் பெண்கள் கூடுகிறார்கள், பாரிஸின் வீட்டு அடிமைப் பெண் டிடூபா மந்திரம் சொல்லிப் பாடுகிறாள், தான் விரும்பும் ஆணைப் பெற ஒவ்வொருத்தியும் வேண்டிக்கொள்கிறாள், அபிகெய்ல் கோழியின் இரத்தத்தைப் பூசிக்கொள்கிறாள். படமாக்கியவிதத்தில் இது திறமையான காட்சிதான். ஆனாலும் இதை நான் படத்தின் முதல் இழப்பாகவே கருதுகிறேன். காட்டில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாமல், ஆளுக்கொரு விதமாகச் சொல்லக் கேட்டு, ஊராரைப் போலவே நாமும் ஊகித்துக்கொண்டிருக்கும்போதுதான் வதந்தி எப்படி ஆதாரமாக மாறுகிறது என்பது நம் தலைக்குள்ளேயே நிகழ்கிறது. கண்ணால் பார்த்துவிட்ட பிறகு நாம் ஊராரில் ஒருவராக இருக்க முடியாது. எல்லாம் தெரிந்தவர்களாக உயரத்தில் உட்கார்ந்து, இவர்கள் எவ்வளவு முட்டாள்கள் என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறோம்.

வெளியே வந்ததால் படம் பெற்றதும் உண்டு. மாசசூசெட்ஸ் கடற்கரையை ஒட்டிய ஒரு தீவில் அந்தக் கிராமத்தையே கட்டிப் படமாக்கியிருக்கிறார்கள். சாம்பல் நிறக் கடலும், காற்று ஓயாத புல்வெளியும், கட்டி முடித்துச் சில ஆண்டுகளே ஆன மரவீடுகளும் சேர்ந்து, இவர்கள் உலகத்தின் விளிம்பில் பயத்தோடு வாழ்கிறவர்கள் என்பதை ஒரு வசனமும் இல்லாமல் உணர்த்துகின்றன. நாடகத்தில் செய்தியாக மட்டுமே வரும் கைல்ஸ் கோரியின் சாவைப் படம் காட்டுகிறது. குற்றத்தை ஏற்கவும் மாட்டேன், மறுக்கவும் மாட்டேன் என்று அவர் வாய் திறக்காமல் கிடப்பதற்குக் காரணம், வழக்கே நடக்காவிட்டால் தன் நிலம் பிள்ளைகளுக்குப் போய்ச்சேரும் என்ற கணக்கு. இன்னும் கல்லை வை என்று அந்தக் கிழவர் கேட்கும் இடத்தில், இந்த வழக்குகளின் அடியில் நிலத்தகராறு இருந்தது என்பது நீண்ட விளக்கமில்லாமல் புரிந்துவிடுகிறது.

நம் ஊரில் மேடை நாடகம் திரைக்கு வரும்போது வசனம்தான் முதலில் வந்தது. பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்திலிருந்து 1952-இல் உருவான 'பராசக்தி'யின் நீதிமன்றக் காட்சியை ஒப்பிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் உண்மையைப் பேசத் தொடங்கினால் மன்றமே அடங்கிக் கேட்கும் என்பது நம் ரசனையில் ஊறிய நம்பிக்கை. 'தி க்ரூசிபிள்' அந்த நம்பிக்கையின் மேல்தான் கைவைக்கிறது. இங்கேயும் பிராக்டர் மன்றத்தின் நடுவில் நின்று தன் மானத்தையே பணயம் வைத்து உண்மையைச் சொல்கிறான். அபிகெய்லோடு உறவு வைத்திருந்தேன், அந்த வன்மத்தால்தான் அவள் என் மனைவியைக் குறிவைக்கிறாள் என்கிறான். என் மனைவி பொய் சொல்லவே தெரியாதவள், அவளைக் கேளுங்கள் என்றும் சொல்கிறான். எலிசபெத் அழைத்துவரப்படுகிறாள். கணவனின் முகத்தைப் பார்த்து ஏதாவது தெரிந்துகொள்ள முயல்கிறாள். என்னை மட்டும் பார் என்கிறார் டான்ஃபோர்த். அவன் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டான் என்று அறியாமல், அவன் பெயரைக் காப்பாற்றுவதற்காக, வாழ்நாளில் பொய் சொல்லாதவள் பொய் சொல்கிறாள்.

எலிசபெத்தாக நடித்த ஜோன் ஆலன் அந்தச் சில நொடிகளில் பெரிதாக எதையும் செய்வதில்லை. உதடுகள் பிரிந்து மூடுகின்றன, கண்கள் ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் தவிக்கின்றன, பிறகு மிகச் சிறிய குரலில் பதில் வருகிறது. அவருக்கும் மில்லரின் திரைக்கதைக்கும் மட்டுமே ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது என்பதை இந்த ஒரு காட்சியைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். 'பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்' என்ற குறளைப் படித்து வளர்ந்த நமக்கு இந்தக் காட்சி கூடுதலாக வலிக்கிறது. அவள் சொன்னது தூய நன்மையை எண்ணிச் சொன்ன பொய்தான். ஆனால் நன்மை விளைய வேண்டுமென்றால் எதிரே இருப்பவன் உண்மையைத் தேடுகிறவனாக இருக்க வேண்டும். டான்ஃபோர்த்துக்கு வேண்டியது முரண்பாடு ஒன்று. அது கிடைத்ததும் விசாரணை முடிந்துவிடுகிறது.

ஸ்கோஃபீல்டைப் பற்றி இப்போது சொல்கிறேன். 1966-இல் வெளிவந்த 'எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்' படத்தில் தாமஸ் மோராக நடித்து ஆஸ்கர் வென்றவர் அவர். மனச்சாட்சிக்கு விரோதமான ஒரு சத்தியப்பிரமாணத்தை ஏற்க மறுத்துத் தலையை இழந்த மனிதராக அன்று நடித்தவர், முப்பது ஆண்டுகள் கழித்து, மனச்சாட்சிக்கு விரோதமான ஒரு கையெழுத்தைப் பிறரிடம் கேட்கும் மனிதராக வருகிறார். குரல் அதே குரல்தான். டான்ஃபோர்த்தை வெறியராக நடிப்பது எளிது, ஆனால் ஸ்கோஃபீல்ட் அப்படிச் செய்யவில்லை. பெரும்பாலும் குரலை உயர்த்தாமல், படித்தவருக்குரிய நிதானத்தோடு, எதிரே இருப்பவரின் வாதத்தை முழுமையாகக் கேட்டுக்கொண்டு, அதை ஒவ்வொரு படியாக மறுக்கிறார். சூனியம் கண்ணுக்குத் தெரியாத குற்றம். அதைச் செய்தவரும் அதற்கு இலக்கானவரும் மட்டுமே சாட்சிகள். செய்தவர் தன்னைத் தானே காட்டிக்கொடுக்க மாட்டார், ஆகவே இலக்கானவரைத்தான் நம்ப வேண்டும் என்று அவர் விளக்கும்போது, ஒரு கணம் நமக்கே அது நியாயமாகப் படுகிறது. அந்த ஒரு கணத்துக்காகவே இந்தப் படத்தைப் பார்க்கலாம்.

வரலாற்றில் அந்தச் சிறப்பு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டௌட்டன். டான்ஃபோர்த் என்ற பெயரில் வருபவர், பல நீதிபதிகளின் குணங்களைச் சேர்த்து மில்லர் உருவாக்கிய பாத்திரம். அந்தப் பாத்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலப்பதிகாரத்தின் பாண்டியன் நினைவுக்கு வருகிறான். அவனும் ஒரு பொற்கொல்லனின் சொல்லை ஆராயாமல் ஏற்றுக் கோவலனைக் கொல்வித்தவன்தான். 'தேரா மன்னா' என்று கண்ணகி அழைப்பது அந்தக் குற்றத்தைச் சொல்லித்தான். ஆனால் உடைந்த சிலம்பிலிருந்து முத்துக்குப் பதிலாக மாணிக்கம் தெறித்ததும், 'யானோ அரசன் யானே கள்வன்' என்று சொல்லி அவன் உயிரையே விட்டுவிடுகிறான். டான்ஃபோர்த்தின் முன் தெறித்து விழுந்த மாணிக்கங்கள் பல. குற்றம்சாட்டிய மேரி வாரன் எல்லாம் நடிப்பு என்று ஒப்புக்கொள்கிறாள். அபிகெய்ல் பாரிஸின் பணத்தைத் திருடிக்கொண்டு ஊரைவிட்டே ஓடிவிடுகிறாள். தண்டனைப் பத்திரங்களில் தானே கையெழுத்திட்ட பாதிரியார் ஹேல் வந்து கெஞ்சுகிறார். நாடகத்தில் டான்ஃபோர்த் சொல்லும் பதிலின் சாரம் இது: இதே குற்றத்துக்காகப் பன்னிரண்டு பேர் ஏற்கெனவே தூக்கிலிடப்பட்டுவிட்டார்கள், இப்போது இவர்களை மன்னித்தால் இறந்தவர்களின் குற்றமே சந்தேகத்துக்கு உள்ளாகும். உண்மையான நீதிபதிகளில் பாண்டியனுக்குப் பக்கத்தில் வருபவர் சாமுவேல் சீவல் ஒருவர்தான். 1697-இல் பாஸ்டன் தேவாலயத்தில் தன் குற்றத்தை ஏற்கும் அறிக்கையைப் பாதிரியார் வாசிக்க, சபையின் முன் அவர் எழுந்து நின்றார். ஸ்டௌட்டன் அப்படி எதுவும் செய்யவில்லை.

எங்கள் குழுவில் சைதாப்பேட்டை நீதிமன்றத்தில் வழக்காடும் ஒரு தோழி இருக்கிறார். படம் முடிந்ததும் அவர் சொன்னது, "இது அக்யூஸ்டு எல்லாரையும் அப்ரூவர் ஆக்குற கேஸ், சார். ஆகமாட்டேன்னு சொன்னவங்களுக்குத்தான் தூக்கு." ஒரு வழக்கில் ஒருவர் அப்ரூவரானால் அவருடைய சொல்லை வேறு ஆதாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்புவது ஆபத்து என்பதையும், காவல்துறையிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே எழுதிவைத்ததையும், அந்த விதி இன்றைய சட்டத்திலும் தொடர்வதையும் அவர் விளக்கினார். ஒப்புக்கொண்டால் உயிர், மறுத்தால் மரணம் என்று ஒரு மன்றம் விலை வைத்துவிட்டால், அதன்பின் அங்கே கிடைக்கும் ஒப்புதல்களுக்கு எந்த மதிப்பும் இல்லை. சேலத்தில் ஒவ்வொரு ஒப்புதலும் அடுத்த கைதுக்கான ஆதாரமானது.

படத்தின் மேல் எனக்குள்ள மனத்தாங்கலையும் எழுத வேண்டும். உண்மையான அபிகெய்ல் வில்லியம்ஸுக்கு அப்போது பதினொன்றோ பன்னிரண்டோ வயது. ஜான் பிராக்டர் அறுபதை ஒட்டியவர். இருவருக்கும் உறவு இருந்ததாக எந்த ஆதாரமும் இல்லை. மில்லர் அவளைப் பதினேழு வயதுப் பெண்ணாக்கி, அவனை முப்பதுகளுக்குக் கொண்டுவந்து, ஆசையைக் கதையின் விசையாக்கினார். நாடகாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் படம் ரைடரின் முகத்தை மிக அருகில் வைத்து அதை மேலும் அழுத்தும்போது, நிலத்துக்கு அலைந்த புட்னமும் பதவிக்குப் பயந்த பாரிஸும் செய்தவை பின்னுக்குப் போய், ஓர் அநாதைப் பெண்ணின் மோகம்தான் இத்தனை பேரைக் கொன்றது என்ற எண்ணம் பார்ப்பவர் மனத்தில் தங்கிவிடுகிறது. அடிமைப் பெண்ணான டிடூபாவைச் சவுக்கால் அடித்து முதல் ஒப்புதலை வாங்குகிறார்கள். சார்லைன் உட்டர்ட் அந்தப் பயத்தை நெஞ்சைப் பிசையும்படி நடித்திருக்கிறார். அதன் பிறகு படம் அவரைக் கிட்டத்தட்ட மறந்தே விடுகிறது. நம் நாட்டில் சூனியக்காரி என்று பட்டம் கட்டிப் பெண்களை வதைப்பதைத் தடுக்க 1999-இல் பீகாரும், அதன்பின் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா, அசாம் முதலிய மாநிலங்களும் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அப்படிப் பட்டம் கட்டப்பட்டு ஊரைவிட்டு விரட்டப்பட்ட ஜார்க்கண்டின் சுட்னி மகதோ, பிறகு தன்னைப் போன்ற பெண்களைக் காக்கப் போராடியதற்காக 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். அத்தகைய பெண்களின் இடத்தில் நின்று பார்த்தால், டிடூபாவும், ஊராரால் முதலில் கைகாட்டப்பட்ட ஏழைக் கிழவி சாரா குட்டும் படத்தில் இன்னும் அதிகமாகப் பேசியிருக்க வேண்டும்.

கடைசிப் பகுதியில் படம் நாடகத்துக்கு முழுதும் ஈடுகொடுக்கிறது. கருவுற்றிருப்பதால் எலிசபெத்தின் தூக்கு தள்ளிப்போகிறது. தூக்குக்குக் காத்திருக்கும் கணவனிடம் பேசி, குற்றத்தை ஒப்புக்கொள்ள அவனை இணங்கவைக்க அவளை அனுப்புகிறார்கள். கடலோரத்தில் காற்றில் நின்று அவர்கள் பேசும் காட்சியில், எதைச் செய்தாலும் நான் உன்னைக் குறைவாக நினைக்க மாட்டேன் என்று மட்டும் அவள் சொல்கிறாள். பிராக்டர் வாயால் ஒப்புக்கொள்கிறான், கையெழுத்தும் போடுகிறான். ஆனால் அந்தத் தாளைக் கொடுக்க மறுக்கிறான். டான்ஃபோர்த்துக்கு வேண்டியது அவனுடைய ஆன்மாவின் மீட்பு அல்ல, தேவாலயக் கதவில் அறைந்து ஊருக்குக் காட்டத்தக்க ஒரு தாள். அதுவரை தூக்கிலிட்டவர்களுக்கெல்லாம் பின்தேதியிட்ட நியாயம் அந்தக் கையெழுத்தில் இருக்கிறது. பிராக்டர் அதைக் கிழித்துவிடுகிறான். டே-லூயிஸ் இங்கே தன் பெயருக்காகக் கதறுவது சிலருக்கு மிகையாகப் படலாம், எனக்குப் படவில்லை. கழுத்தில் கயிற்றோடு பிராக்டரும் அவனோடு தூக்கிலிடப்படும் இருவரும் சொல்லும் பிரார்த்தனை பாதியில் அறுபடுவதோடு படம் முடிகிறது.

டான்ஃபோர்த்துக்கு உண்மை தெரியுமா தெரியாதா என்பதில் எங்கள் குழுவில் இன்னும் உடன்பாடு இல்லை. சபா நாடகங்களில் நெடுங்காலம் நடித்த பெரியவர் ஒருவர், "அவனுக்குத் தெரியாது தம்பி, தெரிஞ்சா அந்தக் குரல்ல அவ்வளவு அமைதி வராது" என்கிறார். வழக்கறிஞர் தோழியோ, "தெரியாம இருக்க அவர் ரொம்பக் கவனமா இருக்கார், சார்" என்கிறார். தெரியும் என்பதே என் கட்சி, அதற்கு ஆதாரம் படத்துக்காகப் புதிதாகச் சேர்க்கப்பட்ட ஒரு சிறிய காட்சி. அபிகெய்ல் ஒரு கட்டத்தில் பாதிரியார் ஹேலின் மனைவியின் ஆவியும் தன்னை வதைப்பதாகச் சொல்கிறாள்; வரலாற்றிலும் அந்தப் பெண்மணியின்மேல் அப்படியொரு குற்றச்சாட்டு எழுந்தது. கைதுசெய்ய யாரும் ஓடவில்லை. ஒரு பாதிரியாரின் மனைவி அப்படிப்பட்டவள் அல்லள், நீ தவறாகச் சொல்கிறாய் என்கிறார்கள். கிழவி ரெபேக்கா நர்ஸின் விஷயத்தில் கேள்வியின்றி ஏற்கப்பட்ட அதே வாய், அதே வகைச் சாட்சியம், இங்கே கணநேரத்தில் நிராகரிக்கப்படுகிறது. அவள் பொய் சொல்லக்கூடியவள் என்று அறிந்த ஒருவரால் மட்டுமே அவ்வளவு விரைவாக மறுக்க முடியும். இதைச் சொன்னபோது பெரியவர் சற்று யோசித்து, அந்தக் காட்சியை மறுபடி போடச் சொன்னார். அடுத்த வாசிப்பில் மூன்றாம், நான்காம் அங்கங்களை எடுத்திருக்கிறோம். டான்ஃபோர்த்தை அவரேதான் வாசிக்கிறார், தெரியாதவனாகவே வாசிப்பேன் என்ற பிடிவாதத்தை அவர் இன்னும் விடவில்லை.